பறவைகளின் பாதை கண்ட பெரியார்

வாடைக் காற்று வீசத் தொடங்கும் நாட்களில் மன்னார்க் கரையோரக் களப்புகளிலும் வங்காலைச் சேற்று நிலங்களிலும் புதிய விருந்தினர் வந்து இறங்குவதை அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகின்றனர். ஊசிவால் தாராக்களும், நெடுங்கால் உள்ளான்களும், பெயர் அறியாத எத்தனையோ நீர்ப்பறவைகளும் கூட்டங் கூட்டமாக வந்து, சில திங்கள் தங்கி, வெயில் ஏறியதும் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. அவை எங்கிருந்து வந்தன, எவ்வழியாக வந்தன, திரும்பி எங்கே செல்கின்றன என்ற வினாக்கள் நம் முன்னோர் உள்ளத்திலும் எழுந்திருக்கும். விடை கூறுவாரைத்தான் அவர்கள் காணவில்லை.

அந்த விடையைத் தேடுவதிலே தம் ஆயுளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றையே இங்கு கூற முற்படுகின்றோம். அவர் பெயர் சலிம் அலி. இந்திய உபகண்டத்தின் பறவையியலுக்குத் தந்தை போன்றவர் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. ஆயினும் அவரது வாழ்வு வெற்றிகளின் கோவை மாத்திரமன்று. தோல்விகளாலும், துயரத்தாலும், ஒரு பெரிய தவற்றாலும் நமக்குப் பாடம் புகட்டும் வாழ்வு அது.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி பம்பாய் நகரிலே, மொய்சுதீன் என்பவரின் கடைசிப் பிள்ளையாகச் சலிம் அலி பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையைத் தாய்மாமனாராகிய அமிருதீன் தியாப்ஜியும் அவர் மனைவி ஹமிதா பேகமும் வளர்த்தெடுத்தனர். மக்கட்பேறு இல்லாத அத்தம்பதிகளின் அன்பிலே அவர் அநாதை என்ற உணர்வின்றி வளர்ந்தார்.

மாமனார் வேட்டையில் விருப்பமுள்ளவர். மருமகனுக்கும் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. பத்து வயதளவில் ஒரு நாள் அச்சிறுவன் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையிலே மஞ்சள் நிறப் புள்ளி காணப்பட்டது. வழக்கமான ஊர்க்குருவியாக அது தோன்றவில்லை. அதை உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமனாரிடம் கொண்டு சென்றான் சிறுவன். மாமனாருக்கும் அது என்ன பறவை என்று விளங்கவில்லை. 1883ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் கௌரவ காரியதரிசியாக அப்போது விளங்கிய மில்லார்ட் என்னும் ஆங்கிலேயரிடம் அவர் சிறுவனை அனுப்பி வைத்தார்.

நெஞ்சு படபடக்கச் சென்ற சிறுவனை அத்துரை அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த பாடம் செய்த பறவைகளைத் திறந்து காட்டினார். வாசிக்கப் புத்தகங்களையும் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரமே அச்சிறுவனின் எதிர்காலத்தை நிர்ணயித்துவிட்டது. தம் முதிய வயதிலே எழுதிய சுயசரிதைக்கும் அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே பெயராகச் சூட்டினார் என்றால், அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதை நாம் உணரலாம்.

தொழில் தேடிய காலம்

படிப்பிலே அவர் பிரகாசிக்கவில்லை. 1913ஆம் ஆண்டு மெற்றிக்குலேசன் பரீட்சையில் ஒருவாறு தேறினார். மறு வருடம் பர்மாவிலுள்ள தவோய் என்னும் இடத்துக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் கவனித்தார். கணக்குப் புத்தகத்தைக் காட்டிலும் காட்டுப் பறவைகளே அவர் மனத்தைக் கவர்ந்தன. வியாபாரம் நொடித்தது. இடையில் பம்பாய்க்குத் திரும்பி வணிகக் கல்வியும், சேவியர் கல்லூரியில் விலங்கியலும் கற்றார். 1918ஆம் ஆண்டு தெஹ்மினா பேகம் என்னும் நங்கையை மணந்து, மீண்டும் பர்மாவுக்குச் சென்றார். மறுபடியும் வியாபாரம் கைகொடுக்கவில்லை.

பறவையாராய்ச்சியிலே உத்தியோகம் பெற விரும்பினார். சர்வகலாசாலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் இந்திய விலங்கியல் மதிப்பீட்டுத் திணைக்களத்திலே அவருக்கு இடங் கிடைக்கவில்லை. 1926ஆம் ஆண்டு பம்பாய் நூதனசாலையில், வருவோர்க்குப் பொருள்களை விளக்கிக் கூறும் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. இரண்டு வருடங்களின் பின் விடுமுறை பெற்று ஜேர்மனிக்குச் சென்று, பெர்லின் நூதனசாலையில் எர்வின் ஸ்திரேசிமான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். வட கடலிலுள்ள ஹெலிகோலாந்துத் தீவிலே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிடும் முறையையும் அங்கே கண்டறிந்தார்.

1930ஆம் ஆண்டு தாயகம் திரும்பியவருக்குக் காத்திருந்த செய்தி இன்பமானதன்று. பணமில்லை என்று நூதனசாலை அவரது பதவியையே நீக்கிவிட்டது. வேறொருவராயின் மனமுடைந்திருப்பார். சலிம் அலியோ மனைவியின் குடும்பத்தாருக்குச் சொந்தமான, கடற்கரைக் கிராமமாகிய கிஹிம் என்னும் இடத்து வீட்டிற் குடியேறி, அங்கே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளைக் கவனிக்கலானார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டுப் பெண்ணுக்காகக் காத்திருக்கின்றது. பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே கூட்டை முடிக்கின்றது. பின்பு வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை நாடுகின்றது. இவ்வுண்மைகளை எழுதி வெளியிட்டபோது அறிஞருலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. வேலையிழந்த காலமே அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

கூடாரமும் துணைவியும்

அக்காலத்து இந்தியாவிலே சமஸ்தானங்கள் பல இருந்தன. அவற்றின் பறவைகளைப் பற்றி ஒழுங்கான குறிப்புகள் இல்லை. தமக்குச் சம்பளம் வேண்டாம், பிரயாணச் செலவையும் முகாம் செலவையும் கொடுத்தாற் போதும் என்று மன்னர்களுக்குத் தெரிவித்துக்கொண்டு சலிம் அலி புறப்பட்டார். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால், மைசூர் என்று அவர் கால் படாத இடமில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரத்திலே தங்கி, விடியுமுன் எழுந்து குறிப்பெடுத்தார்.

இங்கிலாந்திலே கற்று, செல்வத்தில் வளர்ந்த தெஹ்மினா அம்மையார் இக்கடின வாழ்வை முகங்கோணாது ஏற்றுக்கொண்டார். கணவனின் ஆங்கில நடையைச் செம்மைப்படுத்தியவரும் அவரே. 1939ஆம் ஆண்டு சிறியதொரு சத்திரசிகிச்சையின் பின் அவர் காலமானார். அவர்களுக்கு மக்கள் இல்லை. சலிம் அலி மறுமணம் செய்யவில்லை. அதன்பின் ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் பறவைகளே அவருக்குச் சுற்றமாயின.

1941ஆம் ஆண்டு இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. படங்களோடு கூடிய அந்நூல் பண்டிதர்க்கு மாத்திரமன்றிப் பாமரர்க்கும் பறவைகளை அறிமுகஞ் செய்து வைத்தது. சிறையிலிருந்த ஜவாகர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு அந்நூலை அனுப்பி வைத்தார். இவ்விருவரின் நட்பும் நன்மதிப்பும் பிற்காலத்திலே பல நீர்நிலைகளைக் காக்க உதவின.

பரத்பூரின் நீர்நிலை

ராஜஸ்தானத்திலுள்ள பரத்பூரில், கேவலாதேவர் என்னும் சிவன் கோயிலின் பெயரால் வழங்கும் நீர்நிலை ஒன்றுண்டு. அதன் பரப்பு ஏறக்குறைய 29 சதுர கிலோமீற்றர். அரசர்கள் அணை கட்டி நீரைத் திருப்பி உண்டாக்கிய இச்சதுப்பிலே குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான தாராக்கள் வந்து தங்கும். அவற்றைச் சுட்டு வீழ்த்துவதே பிரபுக்களின் கேளிக்கையாக இருந்தது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி வைசிராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைக் கொன்றனர். இன்றும் அங்குள்ள கல்வெட்டிலே அவ்வெண் காணப்படுகின்றது. அந்நாள் சலிம் அலியின் நாற்பத்திரண்டாவது பிறந்த நாள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

சுதந்திரத்தின் பின் வேறொரு ஆபத்து வந்தது. நிலமில்லாத ஏழை மக்கள் இருக்க, மன்னனின் வேட்டைக்காக இவ்வளவு நீரும் நிலமும் வீணாகலாமா என்று சுற்றுப்புறக் கிராமத்தவர் கேட்டனர். சதுப்பை வற்றச் செய்து வயலாக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அக்கேள்வியிலே நியாயம் இல்லை என்று யார் கூறுவார்? ஆயினும் அந்நீர்நிலை அழிந்தால் அதை நம்பிப் பல்லாயிரம் மைல் கடந்து வரும் பறவைகளுக்குப் போக்கிடம் இல்லை. சலிம் அலி பிரதமர் நேருவின் உதவியை நாடினார். நீர்நிலை தப்பியது. 1956ஆம் ஆண்டு அது பறவைகள் சரணாலயமாயிற்று. ஆயினும் மன்னரின் வேட்டை உரிமை 1972ஆம் ஆண்டு வரை நீங்கவில்லை.

காலில் இட்ட வளையம்

1957ஆம் ஆண்டு மைசூர் இராச்சியத்தின் கியாசனூர்க் காட்டிலே குரங்குகள் மடிந்து வீழ்ந்தன. மனிதரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. அந்நோய்க்குக் காரணமான நுண்கிருமி ருஷியாவிலே காணப்பட்ட ஒன்றை ஒத்திருந்தது. வலசை வரும் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் அதைக் கொண்டுவந்திருக்கலாமோ என்று உலக சுகாதார ஸ்தாபனம் ஐயுற்றது. அந்த ஐயம் பின்னர் நிறுவப்படவில்லை. ஆனால் அதன் பயனாகப் பறவைகளின் பாதையை ஆராயப் பணங் கிடைத்தது. பல வருடங்களாக இதற்கே காத்திருந்த சலிம் அலி அவ்வாய்ப்பை நழுவவிடவில்லை.

பரத்பூரிலும், கச்சிலும், நம் யாழ்ப்பாணத்துக்கு எதிர்க்கரையிலுள்ள கோடிக்கரையிலும் வலை விரித்துப் பறவைகளைப் பிடித்தனர். பம்பாய்ச் சங்கத்தின் பெயர் பொறித்த மெல்லிய உலோக வளையங்களைக் காலில் இட்டுப் பறக்கவிட்டனர். பின்பு கடிதங்கள் வரலாயின. பரத்பூரில் வளையமிட்ட தாரா சைபீரியாவிலே அகப்பட்டது; வேறொன்று கசக்ஸ்தானின் ஏரிக்கரையிலே வேடன் கையிற் கிடைத்தது. கோடிக்கரைச் சதுப்பு 1967ஆம் ஆண்டு சரணாலயமாயிற்று.

இதே காலத்தில், 1963ஆம் ஆண்டு முதல், எலியட் மக்லூர் என்னும் அமெரிக்க அறிஞர் கிழக்காசிய நாடுகள் பலவற்றிலும் இவ்வாறே வளையமிடும் பணியை நடத்தினார். யப்பானியரும், தாய்லாந்தினரும், மலாயரும், பிலிப்பைன் தீவினரும் ஒரே முறையிலே குறிப்பெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் அப்பணிக்கு அமெரிக்க இராணுவத்தின் பணமும் பயன்பட்டமையால் மக்கள் மனத்திலே சந்தேகம் எழுந்தது. பறவை ஆராய்ச்சி என்ற பெயரில் நோயை ஆயுதமாக்கும் சூழ்ச்சி நடைபெறுகின்றதோ என்று இந்தியப் பாராளுமன்றத்திலும் 1970ஆம் ஆண்டுகளில் விசாரணை எழுந்தது. பம்பாய்ச் சங்கத்தின் பணியும் அதிற் சிக்கியது. நாடுகள் கூடிச் செய்யும் காரியத்தில் பணத்தினும் பெரிய முதல் நம்பிக்கையே என்பதைச் சலிம் அலி கசப்போடு கற்றுக்கொண்டார்.

எல்லைகள் மாறிய நூல்

அவர் வாழ்வின் பெரும் சாதனை டில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்கருடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் கொண்ட பறவைக் கையேடு. ரிப்ளி இரண்டாம் உலக யுத்தத்தின்போது நம் இலங்கையிலே கடமையாற்றியவர். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், சிக்கிம், பூட்டான், இலங்கை ஆகிய நாடுகளின் பறவைகளை ஒருங்கே எடுத்துரைத்த அந்நூலின் முதற்றொகுதி 1968ஆம் ஆண்டும் இறுதித் தொகுதி 1974ஆம் ஆண்டும் வெளிவந்தன.

நூல் அச்சிலிருந்த அந்த ஆறாண்டுகளிலும் அவற்றை அடுத்தும் பூமிப்படம் மாறிற்று. 1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தான் வங்காளதேசமாயிற்று. 1972ஆம் ஆண்டு நம் நாடு குடியரசாயிற்று. 1975ஆம் ஆண்டு சிக்கிம் இந்தியாவோடு இணைந்தது. யுத்தங்கள் நிகழ்ந்தன, புதிய எல்லைகள் வரையப்பட்டன. பறவைகளோ பழைய பாதையிலேயே வந்து போயின. நாடுகள் பலவாயினும் இயற்கை ஒன்றே என்பதை எந்தச் சொற்பொழிவையும் விடத் தெளிவாக உணர்த்தியது அந்நூல்.

1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி, கஸ்பியன் கடலோரத்து ஈரானிய நகராகிய ராம்சாரிலே ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தம் உருவாயிற்று. பாகிஸ்தான் 1976ஆம் ஆண்டு அதிற் சேர்ந்தது. இந்தியா முதன் முதலாகக் குறித்துக் கொடுத்த இரு நீர்நிலைகளில் ஒன்று ஒரிசாவின் சிலிக்கா ஏரி. மற்றது சலிம் அலி போராடிக் காத்த பரத்பூர். நேபாளம் 1988ஆம் ஆண்டும், இலங்கை புந்தலச் சரணாலயத்தை முன்வைத்து 1990ஆம் ஆண்டும், வங்காளதேசம் 1992ஆம் ஆண்டும் சேர்ந்தன.

எருமைகளும் ஏழைகளும்

இனிக் கூற வேண்டியது அவர் வாழ்வின் நிழற்பகுதி. பரத்பூரிலே கிராமத்தவரின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்து வந்தன. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்று சலிம் அலியும் அவரைச் சேர்ந்த அறிஞரும் நம்பினர். 1982ஆம் ஆண்டு அவ்விடம் தேசியப் பூங்காவாகி, மேய்ச்சல் தடுக்கப்பட்டது. மாற்று வழி காட்டாது வாழ்வாதாரத்தைப் பறித்ததால் மக்கள் கொதித்தெழுந்தனர். பொலிசார் சுட்டதிற் சிலர் உயிரிழந்தனர். வைசிராயின் துப்பாக்கிகளுக்குப் பறவைகள் பலியான நிலத்திலே, பறவைகளின் பெயரால் மனிதர் பலியாயினர்.

அதன்பின் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது. எருமைகள் இல்லாமையால் நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று. தாராக்கள் நீந்தவும் இரை தேடவும் இடமின்றித் தவித்தன. எருமையின் மேய்ச்சலே அந்நீர்நிலையைத் திறந்து வைத்திருந்தது என்று பல வருட ஆராய்ச்சியின் பின் அறிவித்தது வேறெந்தச் சங்கமுமன்று. சலிம் அலியின் பம்பாய்ச் சங்கமே. தலைவர் கொண்ட கருத்துக்கு மாறான உண்மையை அவர் வளர்த்த நிலையமே வெளியிட்டது. நம்பிக்கையைக் காட்டிலும் கண்ணாற் கண்ட குறிப்பே பெரிது என்று தம் மாணாக்கர்க்குக் கற்பித்தவர் அவர் அல்லவா? அந்த வகையிலே, அத்தவற்றைத் திருத்தியதும் அவர் தந்த கல்வியே எனலாம். ஆனால் இறந்த உயிர்களை எக்கல்வியும் மீட்டுத் தரவில்லை.

வந்து சேராத கொக்குகள்

1976ஆம் ஆண்டு கெற்றி பரிசாகக் கிடைத்த பெருந்தொகையைச் சலிம் அலி தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கென நிதியமொன்றை அதனால் நிறுவினார். அதே வருடம் பத்மவிபூஷண் விருதும், 1985ஆம் ஆண்டு மேற்சபை அங்கத்துவமும் அவரை நாடி வந்தன. 1987ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி, தொண்ணூறாவது வயதிலே அவர் இவ்வுலகை நீத்தார். ஆசிய நாடுகள் ஒவ்வொரு தை மாதமும் தத்தம் நீர்ப்பறவைகளை எண்ணிக் கணக்கிடும் வழக்கம் இந்திய உபகண்டத்திலே தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கோயம்புத்தூரிலே 1990ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பறவையியல் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆயினும் ஒரு துயரத்தை மறைத்தல் தகாது. சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாகப் பரத்பூருக்கு வெண்ணிறக் கொக்குகள் வருவதுண்டு. 1960ஆம் ஆண்டுகளின் நடுவிலே ஏறக்குறைய இருநூறு கொக்குகள் வந்தன. ஆண்டுதோறும் அத்தொகை குறைந்தது. பரத்பூரிலே அவற்றுக்கு எவரும் தீங்கு செய்யவில்லை. வழியிலே வேடர் சுட்டனர். தங்கிச் செல்லும் ஏரிகள் யுத்தத்தாலும் வரட்சியாலும் பாழாயின. அக்கொக்குகளைக் காக்க நாடுகள் 1993ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டன. காலங் கடந்துவிட்டது. 2002ஆம் ஆண்டின் பின் ஒரு கொக்குத்தானும் அங்கே வரவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் எஞ்சிய கண்ணிகள் எவ்வளவு உறுதியாயினும் பயனில்லை.

நமது கரையும் அச்சங்கிலியின் ஒரு கண்ணி. அதுவும் கடைசிக் கண்ணி. தெற்கே பெருங்கடல் அன்றி வேறு தரை இல்லை. வங்காலைச் சதுப்பு 2010ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. மன்னாரிலே பிடித்துக் கருவி பொருத்திப் பறக்கவிட்ட கடற்காகங்கள் ருஷியாவின் வடகோடிப் பனிநிலம் வரை சென்று மீண்டதை நமது ஆராய்ச்சியாளரும் சீன அறிஞரும் சேர்ந்து கண்டறிந்துள்ளனர். வளையத்தின் இடத்தை இன்று செய்மதிக் கருவி பெற்றுள்ளது; வினா மாத்திரம் சலிம் அலி கேட்ட அதே வினாத்தான்.

அடுத்த வாடையிலும் அவை வரும். வந்து இறங்கும்போது களப்பிலே நீர் இருக்க வேண்டும்; அக்களப்பை நம்பி வாழும் மீனவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இரண்டையும் ஒருங்கே காப்பதே கடமை. அவ்விரண்டில் ஒன்றை மறந்தமையால் விளைந்ததை ஒரு பெரியாரின் வாழ்விலே கண்டோம். அவர் முடித்த இடத்திலிருந்து நாம் தொடங்குவோமாக.